இடது உள்ளங்காலில் ஓடிய இன்ஜின்

முதலில் நான் சந்தேகப்பட்டது வண்டியைத்தான்.

திருப்போரூரில் ஒரு சின்ன டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஸ்கூல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஷட்டர் போட்ட ஒரு கடை, ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட ஒரு அட்டை, வெளியே இரண்டு கார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். நான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருப்பேன். என் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. அவர் மிதிக்க மறந்ததை நான் மிதிக்க வேண்டும். காலை ஆறரையிலிருந்து சாயங்காலம் வரை என் இரண்டு கால்களுக்கும் அதுதான் வேலை. மிதிக்காத நேரத்திலும் அவை தயாராக இருந்தாக வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன், வெயில் ஏற ஆரம்பித்த சமயம், என் பக்கத்துக் கிளட்ச் பெடல் அதிர்வதாகத் தோன்றியது. செல்போனை வைப்ரேட்டில் போட்டுக் காலடியில் வைத்த மாதிரி இருந்தது. இரண்டு செகண்டு அதிரும், நிற்கும், மறுபடி அதிரும். வண்டியைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கறார். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

மெக்கானிக் என்னோடு பத்தாவது வரை படித்தவன். கேளம்பாக்கம் போகும் வழியில் ஷெட் வைத்திருக்கிறான். அவன் இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களைப் பார்த்தான், கிளட்ச் கேபிளைப் பார்த்தான், ஓட்டிப் பார்த்தான், ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தான். நாலு நாள் கழித்து மறுபடி போனேன். தரை விரிப்பைக் கழற்றித் தகட்டைத் தட்டிப் பார்த்தான். அப்போதும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை போனபோது அவன் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னை இடது சீட்டில் உட்காரச் சொன்னான். அவன் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதையோ செய்தான்.

"இப்ப அதிர்வு கீதா?" என்று கேட்டான்.

"கீதுடா. நல்லா தெரியுது. கை வெச்சுப் பாரு."

அவன் குனிந்து பெடல்மேல் உள்ளங்கையை வைத்தான். பிறகு நிமிர்ந்து, கையிலிருந்த சாவியைக் காட்டினான்.

"மச்சான், இன்ஜினு ஆஃப்ல கீது."

அவன் சாவியை எடுத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் வைத்தேன். அதிர்வு இருந்தது. காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் இருந்தது.

"வண்டில ஒண்ணும் இல்ல. ஒனக்குத்தான் இன்னாமோ கீது. போய் டாக்டராண்ட காட்டு" என்றான் அவன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். ஆனால் டாக்டரிடம் போகவில்லை.

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் தெரிந்தது. ஒரு மத்தியானம் வீட்டில் அரைக்கால் டிராயரோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். வலது கெண்டைக்காலில் தோல் அசைந்தது. உலை கொதிக்கும்போது குமிழி அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்புமே, அதுபோலத் தோலுக்கு அடியில் எழும்பி அடங்கியது. வலி இல்லை. விரலால் அழுத்தினால் அந்த இடத்தில் நிற்கும், ஒரு அங்குலம் தள்ளிக் கிளம்பும். இடது காலைப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது, கொஞ்சம் குறைவாக. அடுத்த சில நாளில் வலது கண் இமை, தோள்பட்டை, ஒருமுறை உதட்டோரம் என்று இடம் மாறி மாறித் துடித்தது.

போனில் தேடினேன். தசை துடிக்கிறது என்று எழுதித் தேடினால் முதலில் சத்துக் குறைவு என்று வரும், பிறகு கவலை என்று வரும், மூன்றாவதாக ஒரு நோயின் பேர் வரும். நரம்பு செத்து, தசை கரைந்து, கை கால் விழுந்து, கடைசியில் மூச்சு நிற்கிற நோய். முதல் இரண்டையும் நான் படிக்கவே இல்லை. மூன்றாவதை ஒரு மாதம் படித்தேன். அந்த நோய் வந்தவர்கள் பேசும் வீடியோக்களைப் பார்த்தேன். நான் பார்க்கப் பார்க்கப் போனும் அதையே எடுத்து எடுத்துக் கொடுத்தது.

அதன்பிறகு என் நாள் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பாதி பாடம் நடத்துவது. மறுபாதி என்னையே சோதித்துப் பார்ப்பது. புதிதாகக் கற்பவர்களை நாங்கள் மனைப்பிரிவுகளுக்குத்தான் அழைத்துப் போவோம். தார் ரோடு போட்டு, மூலைக்கு மூலை வண்ணக் கல் நட்டு, வீடு ஒன்றும் எழும்பாமல் கிடக்கும் இடங்கள் எங்கள் பக்கம் நிறைய. அதில் ஒன்று என் அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயல். அங்கே ஆட்களை எட்டுப் போடச் சொல்லிவிட்டு இறங்கி நின்று, நான் குதிகாலைத் தூக்கி முன்னங்காலில் நிற்பேன். இருபது எண்ணுவேன். பிறகு ஒற்றைக் காலில் இருபது. நிற்க முடிந்தால் அடுத்த அரைமணி நேரத்துக்கு நிம்மதி. ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்து என்ன நினைத்தாரோ தெரியாது.

என் மனைவி சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்காரர்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அவளுடைய இன்ச் டேப்பை எடுத்துக் கெண்டைக்கால்களை அளக்க ஆரம்பித்தேன். வலது கால் பதிமூன்றரை, இடது கால் பதிமூன்று. இடது கால் கரைகிறது என்று முடிவு செய்துகொண்டேன். மறுநாள் இடது பதிமூன்றேகால் வந்தது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவள் டேப்பைத் தேடிக்கொண்டு வந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து காலைச் சுற்றி அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாத்துக்கு காலை அளந்துகினு கீற?"

பேன்ட் தைக்கக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன் என்றேன்.

"பேன்ட்டுக்கு எவன்யா கெண்டைக்கால அளப்பான்?" என்று டேப்பை வாங்கிக்கொண்டு போனாள். தையல்காரியிடம் சொல்லக்கூடிய பொய் அதுவல்ல என்று பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் அவளாகவே வந்து, காலில் என்ன என்று கேட்டாள். சுளுக்கு என்றேன். தைலம் போட்டுத் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது அவள் கைக்கு அடியில் சதை துடித்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். சர்ச்சில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுதிக் கொடுத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

சொல்லாமல் இருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. பிரேக் மிதிக்கிற கால் சரியில்லை என்று வெளியே தெரிந்தால் யார் என் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுவார்கள்? வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்றும் பயம்.

அந்த நாட்களில் என்னிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒரு அம்மா இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. கல்பாக்கத்தில் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கிற பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருப்போரூரை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கணவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, இருட்டிய பிறகு அவரால் ஓட்ட முடியாது. அதனால் தானே கற்றுக்கொள்வது என்று இறங்கிவிட்டார். பயம் உண்டு, ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வார். செய்ததை நோட்டில் எழுதியும் வைப்பார்.

ஒரு நாள் காலையில் அவரை முதல் முறையாக மாமல்லபுரம் வரை ஓட்டச் சொன்னேன். பூஞ்சேரி கூட்டுரோடு தாண்டியதும் முன்னால் போன சுற்றுலா வேன் இளநீர்க் கடையைப் பார்த்துச் சட்டென்று நின்றது. அந்த அம்மா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். என் கால்கள் இரண்டு பெடலையும் மிதித்து முடித்த பிறகுதான் என் மூளைக்கு விஷயம் வந்தது. வேனுக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும்.

ஓரமாக நிறுத்தினோம். அவர் இன்ஜினை அணைத்தார். எனக்கு இரண்டு கெண்டைக்காலும் பேன்ட்டுக்கு உள்ளே தாளம் போட்டன. அதே கால்கள்தான் மிதித்து வண்டியை நிறுத்தின என்பது எனக்குப் படவில்லை. குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மாஸ்டர், அடிபட்டுடுச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதிர்வு, துடிப்பு, நோயின் பேர், இன்ச் டேப், எதையும் விடவில்லை. நாலு மாதமாக யாரிடமும் சொல்லாததை, ரோட்டோரத்தில், பார்க்கிங் விளக்கு எரியவிட்ட வண்டிக்குள் உட்கார்ந்து சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் கேட்டார்.

"நாலு மாசத்துல வண்டியை மூணு தடவை மெக்கானிக்கிட்ட காட்டியிருக்கீங்க. உங்களை எத்தனை தடவை டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

நான் ஹேண்ட் பிரேக்கை இன்னொரு முறை இழுத்துவிட்டேன்.

"டேப்பை ரெண்டு கால்லயும் ஒரே உயரத்துல வச்சு அளந்தீங்களா? ஒரே இறுக்கமா பிடிச்சீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப அது அளவே இல்ல" என்றார். பிறகு, நான் டாக்டரிடம் போய்வந்த பிறகுதான் அடுத்த கிளாஸுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. சீட் பெல்ட் போட்டால்தான் வண்டி எடுக்கலாம் என்று நான் அவரிடம் சொல்வேனே, அதே குரலில் சொன்னார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "சுளுக்கு இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். கேன்டீனுக்கு லீவு சொன்னாள்.

செங்கல்பட்டில் நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். பஸ்ஸில் போகும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் அதில் பாதியைத்தான் கேட்டார். பனியனோடு நிற்கவைத்து முதுகு, தொடை, கால் எல்லாவற்றையும் அவசரப்படாமல் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டினார். அவர் கையை என் பாதத்தால் தள்ளச் சொன்னார். குதிகாலில் நடக்கச் சொன்னார், விரல்களில் நடக்கச் சொன்னார், கடைசியில் ஒற்றைக் காலில் குதித்துக் காட்டச் சொன்னார். அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை நான் நொண்டியடித்துக்கொண்டு போனேன். மனைவி பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பயத்தில் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கத்தான் என்று பிறகு சொன்னாள்.

எதற்குப் பயப்படுகிறீர்கள், பேரைச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சொன்னேன். அது என்ன வியாதி என்று மனைவி என்னைக் கேட்காமல் அவரைக் கேட்டாள்.

"அதுல தசையோட பலம் போகும்மா. இவருக்குப் பலம் போகல. ஒத்தக்கால்ல குதிக்கிறாரே, பாத்தீங்கல்ல? வெறும் துடிப்பு மட்டும் இருந்தா அது வேற விஷயம்" என்றார். ஆனாலும் பார்த்துவிடுவோம் என்று ரத்தப் பரிசோதனையும், ஊசி வைத்துத் தசையைப் பார்க்கிற பரிசோதனையும் எழுதினார்.

ஊசிப் பரிசோதனையைப் பற்றிப் போனில் நிறையப் படித்திருந்தேன். படித்த அளவுக்கு வலிக்கவில்லை. முதலில் காலில் அங்கங்கே சின்னச் சின்னதாகக் கரன்ட் கொடுத்தார்கள். பாதம் தானாக எகிறியது. அதற்குப் பிறகு டாக்டரே வந்து மெல்லிய ஊசியைக் கெண்டைக்காலில் இறக்கினார். மெஷினில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. காலை விறைத்தால் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் வந்தது. தளர்த்தினால் அமைதி. அந்த அமைதியில் திடீரென்று ஒரு 'டப்'.

"டாக்டர், அதுதானா?" என்றேன்.

"அதேதான். நானும் கேட்டேன்" என்றார். "தனியா வருது, போகுது. அதுக்குப் பின்னாடி வேற எந்தக் கெட்ட சத்தமும் இல்ல."

படுத்தபடி இன்னும் இரண்டு மூன்று 'டப்' கேட்டேன். இத்தனை நாள் என்னை மிரட்டிய ஒன்று, யாரோ பக்கத்து அறையில் ஸ்விட்ச் போடுவது போல இவ்வளவு சின்னதாக இருந்தது.

முடிவு எல்லாம் சரியாக இருந்தது. வைட்டமின் டி மட்டும் குறைவு, அதற்கு வாரம் ஒரு மாத்திரை. துடிப்புக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்றும் சொல்லிவிட்டார். பிறகு ஏன் வருகிறது என்று கேட்டேன். சிலருக்கு வரும், காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது, கூடும், குறையும், போனாலும் போகும், போகாவிட்டாலும் ஒன்றும் செய்யாது என்றார். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். ஒன்பது என்றேன். தூக்கம் எப்படி என்றார். ஒரு நாளைக்கு எத்தனை முறை காலைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது நான் யோசித்தேன். "நாள் முச்சூடும் அதான் சார் வேல" என்றாள் மனைவி.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வந்தேன். திருக்கழுக்குன்றம் ரோட்டு வளைவு வருவதற்குள் வலது கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன் போலிருக்கிறது. டாக்டர் சொன்ன சேதி காலுக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த அம்மா ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லி முழுதாகப் படித்தார். எந்தெந்தத் தசையில் ஊசி வைத்தார்கள் என்று விரல் வைத்துப் பார்த்தார். மடித்துக் கொடுத்துவிட்டுப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். செங்கல்பட்டில் நடந்த லைசென்ஸ் டெஸ்ட்டில் முதல் முறை மேட்டில் வண்டி பின்னால் உருண்டு தோற்றார். இரண்டாம் முறை பாஸ் செய்தார்.

என் கதை அப்படிச் சட்டென்று முடியவில்லை. மூன்று வாரம் நன்றாக இருந்தேன். பிறகு வலது கைக் கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. விரல் தானாகக் கொஞ்சம் உள்பக்கம் இழுத்து விடும், ஸ்டியரிங்மேல் வைத்திருந்தால் கண்ணுக்கே தெரியும். டாக்டர் காலில்தானே ஊசி வைத்தார், கையில் வைக்கவில்லையே என்று தோன்றியது. போனைத் திறந்தேன். நாலு நாளில் பழைய இடத்துக்கே போய் நின்றேன். மனைவிக்குத் தெரியாமல் மறுபடி செங்கல்பட்டுக்குப் போனேன். டாக்டர் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுச் சொன்னார்.

"சட்டைப் பட்டன் போட முடியலையா, வாங்க. நடக்கும்போது கால் தடுக்குதா, வாங்க. துடிக்குதுன்னு வராதீங்க. போன்ல தேடாதீங்க."

எனக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. எது வந்தால் பயப்படலாம், எது வந்தால் கூடாது என்று யாராவது கோடு போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டன் போட முடிந்தது. கால் தடுக்கவில்லை. அதன்பிறகு நான் போகவில்லை. போனில் தேடுவதை ஒரே நாளில் விடவில்லை. அதை நிறுத்த ஆறு மாதம் ஆனது. டீ ஒன்பதிலிருந்து மூன்றாகியது. தலைவலி வந்து முதல் வாரம் பேஜாராக இருந்தது.

இன்றுவரை துடிப்பு முழுதாகப் போகவில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து பாடம் நடத்திய நாட்களில் கூடும். தூங்காத நாளில் கூடும். உள்ளங்கால் அதிர்வு சில மாதம் வராமலே இருக்கும், பிறகு ஒருநாள் ஏதோ வீட்டுக்கு வந்த மாதிரி வந்து உட்காரும். சிலசமயம் பையில் போன் அதிர்வதைக் கால் என்று நினைத்து விட்டுவிடுவேன். மனைவியின் அழைப்பை இப்படி மூன்று முறை தவறவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரே ஒருமுறை இதனால் வேலையில் சங்கடம் வந்தது. சிறுசேரியில் வேலை பார்க்கிற ஒரு பெண் கற்றுக்கொள்ள வந்தாள். மூன்றாம் நாள் எங்கள் ஸ்கூல் முதலாளியிடம் போய், மாஸ்டர் கண்ணடிக்கிறார் என்று சொல்லிவிட்டாள். ஓட்டுகிறவர் பக்கம் இருப்பது என் வலது கண். துடிப்பதும் அந்த இமைதான். முதலாளி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, நல்லவேளையாக, இமை துடித்தது. அந்தப் பெண் அருகில் வந்து பார்த்தாள். மன்னிப்புக் கேட்டாள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து முதல் பாடத்தில் கியர், கிளட்ச் சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: என் கண் தானாகத் துடிக்கும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மெக்கானிக் மட்டும், ஆம்பளைக்கு வலது கண் துடிச்சா நல்லதுதான் மச்சான், ஒரு பிளாட் வாங்கிப் போடு என்பான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, நானும் மனைவியும் பைக்கில் மாமல்லபுரம் போனோம். கூட்டம் இல்லாத பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்தோம். அவள் வறுத்த மீன் வாங்கி வந்தாள். பேன்ட்டை முட்டிவரை மடித்துக் காலை நீட்டியிருந்தேன். அவள் முள்ளெடுத்துக்கொண்டே என் காலைப் பார்த்தாள்.

"இன்னிக்கு இன்னா, ஜாஸ்தியா ஆடுது?"

காலையில் சர்ச்சில் இடமில்லாமல் நின்றுகொண்டே இருந்தேன் அல்லவா, அதனால் இருக்கும் என்றேன். அவள் சரி என்றாள். பிறகு கேன்டீனில் புதிதாக வந்திருக்கிற சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இட்லி மாவில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறானாம், இவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அது நீளமான கதை. அவன் என்ன சொன்னான், இவள் என்ன சொன்னாள் என்று குரலை மாற்றி மாற்றிச் சொன்னாள். அவள் சொல்லி முடித்தபோது மீன் தீர்ந்திருந்தது. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து பேன்ட்டை இறக்கிவிடும்போதுதான் காலைப் பார்த்தேன். துடிக்கவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.